வாய்ப்புண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு

மலருக்குக் கட்டுரை கேட்டபோதே மலர்க் குழுவினர் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் பற்றி எழுதக்கூடாது. ஏற்கெனவே வேண்டிய அளவு வந்துவிட்டதாம்! சரி, மெஸ்ஸை விட்டுவிடுகிறேன், அந்த மெஸ் சாப்பாடு உள்ளே போகும் வாசலைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். வேடிக்கை என்று நினைத்துச் சரி என்றார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நான் மருத்துவன் இல்லை. நம் கல்லூரியில் இன்ஜினியரிங் படித்து, இன்றைக்கும் பம்ப்பு, வால்வு, பைப் என்று பிழைப்பு நடத்துகிறவன். ஆனால் நம் வகுப்பு நண்பன் ஒருவனால் கடந்த சில வருஷமாக இந்த விஷயத்தில் இறங்கி, கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவன் கதை நடுவில் வரும். பெயர் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். ஜூனியர் தம்பி தங்கைகள் யார் என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பரீட்சை நேரத்தில் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு குழி விழுந்து, காரம் பட்டால் உயிர் போகுமே, அது வேறு. அதற்குப் பெரும்பாலும் வைரஸ் காரணம் இல்லை, தொற்றவும் செய்யாது. அம்மா மணத்தக்காளிக் கீரை செய்வார், மெடிக்கல் ஷாப்காரர் பி காம்ப்ளக்ஸ் கொடுப்பார், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். நான் சொல்லவந்தது காய்ச்சல் வந்து போன பிறகு உதட்டோரத்தில் கொத்தாகக் கிளம்புமே, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், அதன் குடும்பத்தை. நம் ஊரில் அதைப் பார்த்ததும், "ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சிடுச்சு" என்பார்கள். பூச்சி இல்லை. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளக்ஸ் என்ற வைரஸ். அதிலும் முதல் வகை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 380 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர், இந்த வைரஸைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். ரீயூனியன் ஹாலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அவராக இல்லாவிட்டால் நீங்களாக இருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. ஆரோக்கியமாக இருப்பவரிடம் அது பெரும்பாலும் வாலாட்டாது.

கிரேக்க மொழியில் ஹெர்ப்பிஸ் என்றால் ஊர்ந்து போவது என்று அர்த்தம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே தோலில் படரும் புண்களுக்கு அந்தப் பெயர் இருந்தது. பெயர் வைத்தார்களே தவிர, அது எங்கேயிருந்து ஊர்ந்து வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. முதல் துப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்தது. அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை நிபுணர், முகத்தில் தாங்க முடியாத வலி உள்ளவர்களுக்கு, முகத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பில் அறுவை செய்துவந்தார். அறுவை முடிந்த சில நாளில் சிலருக்கு உதட்டுப் பக்கம் இதே கொப்புளங்கள் வந்தன. கத்தி வைத்தது உள்ளே நரம்பு முடிச்சுக்குப் பக்கத்தில். கொப்புளம் வந்தது வெளியே உதட்டில்! அப்படியானால் நரம்புக்கும் இந்தக் கொப்புளத்துக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும்.

1910-களில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் குரூட்டர் என்ற கண் மருத்துவர், இந்தப் புண்ணின் நீரை முயலின் கண்ணில் வைத்து நோயை அங்கே கொண்டுபோய்க் காட்டினார். தொற்றுநோய்தான் என்பது உறுதியாயிற்று. 1929-ல் அமெரிக்காவின் குட்பாஸ்ச்சர் ஒரு படி மேலே போய், இந்தக் கிருமி நரம்பு முடிச்சில் போய் ஒளிந்துகொள்கிறது, அங்கிருந்துதான் திரும்பத் திரும்ப வருகிறது என்றார். 1939-ல் ஆஸ்திரேலியாவின் பர்னெட் தன் சகாவோடு சேர்ந்து மீதிப் படத்தை வரைந்தார்: குழந்தைப் பருவத்தில் ஒரு தடவை தொற்றுகிறது, அப்புறம் ஆயுசுக்கும் குடியிருக்கிறது. கண்ணால் பார்த்த நிரூபணத்துக்கு இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1971-ல் எலிகளின் நரம்பு முடிச்சிலிருந்தும், அதற்கடுத்த இரண்டு வருஷங்களில், இறந்துபோன மனிதர்களின் முக நரம்பு முடிச்சிலிருந்தும் வைரஸை வெளியே எடுத்துக் காட்டினார்கள். உயிரோடு இருந்தபோது அந்த இடத்தில் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை.

நம் பாஷையில் சொன்னால், கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்ட மாதிரி. காதுக்கு முன்னால், மண்டையோட்டின் அடியில் ஒரு முடிச்சில் அது தூங்குகிறது. காய்ச்சல், கடுமையான வெயில், அலுப்பு என்று ஏதாவது ஒன்று பொத்தானை அமுக்குகிறது. உடனே நரம்பு வழியாக இறங்கி உதட்டுக்கு வருகிறது. நம் உடம்பில் உள்ள காவல்காரர்கள், அதிலும் டி செல் எனப்படும் வெள்ளணுக்கள், ஓடிவந்து வளைத்துவிடுகிறார்கள். ஒரு வாரம், பத்து நாளில் புண் காய்ந்துவிடும். வைரஸ் மறுபடியும் முடிச்சுக்குப் போய்விடும். ஆதிகாலத்திலிருந்து இது ஒரு சமரசம்.

காவல்காரர்களை மனிதனே வேண்டுமென்று வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி 1950-களுக்கு முன்னால் பெரிதாக எழவே இல்லை. ஏனென்றால் அப்படிச் செய்ய யாருக்கும் தெரியாது!

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே ஒரு சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்தார். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே உருவ இரட்டையர். அதனால் உடம்பு அதை அந்நியமாகப் பார்க்கவில்லை, வெற்றி. ஆனால் ஊரில் எத்தனை பேருக்கு இரட்டையர் இருப்பார்கள்? மற்றவர்களுக்கு வைத்தால் உடம்பு அதை எதிரி என்று நினைத்து அழித்துவிடும். அந்த எதிர்ப்பை அடக்க ஒரு மருந்து வேண்டும். அந்த மருந்து வந்த கதையில்தான் நம் கதாநாயகி வருகிறார்.

கெர்ட்ரூட் எலியன். 1918-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா லித்துவேனியாவிலிருந்து சிறுவயதில் குடியேறியவர், தொழில் பல் மருத்துவம். (வாயைப் பற்றிய கட்டுரையில் இது தானாக வந்து அமைந்தது, நான் திணிக்கவில்லை.) 1929-ல் பங்குச் சந்தை சரிந்தபோது குடும்பத்தின் சேமிப்பு போயிற்று. கெர்ட்ரூடுக்குப் பதினைந்து வயதானபோது, பாசமாக வளர்த்த தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். அந்த வயதிலேயே கெமிஸ்ட்ரிதான் என்று முடிவு செய்துவிட்டார். ஃபீஸ் இல்லாத ஹன்ட்டர் கல்லூரியில் படித்து 1937-ல் முதல் தரத்தில் வெளியே வந்தார். வேலைதான் கிடைக்கவில்லை. லாபில் ஒரு பெண் இருந்தால் மற்றவர்களின் கவனம் சிதறும் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒரு லாபில் சம்பளம் வாங்காமல் உதவியாளராக இருந்தார், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார், ராத்திரியிலும் விடுமுறையிலும் வேலை பார்த்து 1941-ல் எம்.எஸ்ஸி. முடித்தார். அதே வருஷம், கல்யாணம் செய்துகொள்ள இருந்தவர் இதயத்தில் பாக்டீரியா தொற்றி இறந்துபோனார். பென்சிலின் கடைக்கு வர இன்னும் சில வருஷம் இருந்தது. அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

யுத்தம் வந்து ஆண்கள் போனதும்தான் லாப்களின் கதவு திறந்தது. அதுவும் என்ன வேலை? ஒரு மளிகைக் கம்பெனியில் ஊறுகாயின் புளிப்பை அளப்பதும், மயோனெய்ஸில் சேரும் மஞ்சள் கருவின் நிறத்தைச் சரிபார்ப்பதும்! கற்றுக்கொள்ள இனி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அங்கிருந்து விலகினார். அப்பாவின் கிளினிக்குக்கு வந்த ஒரு வலி மாத்திரை பாட்டிலில் பரோஸ் வெல்கம் என்ற கம்பெனியின் பெயர் இருந்தது, அந்தப் பெயரைப் பார்த்துத்தான் விசாரிக்கப் போனார் என்று சொல்வார்கள். 1944-ல் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அவரை வேலைக்கு எடுத்தார். பிஎச்.டி. செய்ய மாலை வகுப்பில் சேர்ந்தார். முழு நேரமும் வந்தால்தான் முடியும் என்று கல்லூரி சொன்னதும், படிப்பை விட்டார், வேலையை விடவில்லை. நம் கல்லூரியில் பார்ட் டைம் படித்துக்கொண்டே ஷிப்டுக்கு ஓடுகிற தம்பிகளுக்கு இந்தப் பாராவை அர்ப்பணிக்கலாம்.

ஹிட்சிங்ஸின் யோசனை எளிமையானது. எந்தச் செல்லும் பெருக வேண்டுமானால் டி.என்.ஏ. கட்ட வேண்டும். அதற்குப் ப்யூரின் போன்ற செங்கற்கள் வேண்டும். செங்கல் மாதிரியே இருக்கிற போலிச் செங்கல் ஒன்றைக் கொடுத்தால்? அவசரமாகக் கட்டுகிறவன் அதை எடுத்து வைப்பான், கட்டடம் நின்றுபோகும். எலியனிடம் ப்யூரினை ஒப்படைத்தார். 1951-ல் அவர் செய்த 6-மெர்காப்டோப்யூரின் என்ற போலிச் செங்கல், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு 1953-ல் மருந்தாக வந்தது. சில மாதங்களில் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் கிடைத்தது. பின்னால் மற்ற மருந்துகளோடு சேர்ந்தபோது பெரும்பாலோருக்கு உயிரே கிடைத்தது.

1959-ல் பாஸ்டனில் ஷ்வார்ட்ஸ், டேமஷெக் என்ற இருவர் இதே மருந்தை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்நியப் புரதத்தை ஊசியில் ஏற்றியும் முயலின் உடம்பு எதிர்ப்புக் காட்டவில்லை. எதிர்ப்புச் சக்தியும் அவசரமாகப் பெருகும் வெள்ளணுக்களை நம்பியதுதானே! லண்டனில் ராய் கேல்ன் என்ற இளம் டாக்டர் இதைப் படித்துவிட்டு நாய்களுக்குச் சிறுநீரகம் மாற்றி இந்த மருந்தைக் கொடுத்தார். மருந்து கொடுக்காத நாய்களைவிட அவை அதிக நாள் தாங்கின. எலியனும் ஹிட்சிங்ஸும் அதன் மேம்பட்ட வடிவமான அஸாதயோப்ரினைக் கொடுத்தார்கள். 1962-ல் மர்ரே, இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை இந்த மருந்தின் துணையோடு வைத்து வெற்றி கண்டார். இனி இரட்டையர் தேவையில்லை. ஒன்பது வருஷம் கழித்து, 1971-ல், நம் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது.

காவல்காரர்களை வீட்டுக்கு அனுப்பும் வித்தை இப்படித்தான் கைக்கு வந்தது. அனுப்பியதும் என்ன ஆயிற்று? மண்டையோட்டின் அடியில் தூங்கியவர் எழுந்தார். 1969-ல் நியூசிலாந்து மருத்துவர்கள் சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு வரும் ஹெர்ப்பிஸைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். சாதாரண ஆளுக்கு உதட்டில் நான்கு கொப்புளம். இவர்களுக்கு நாக்கு, அண்ணம், ஈறு என்று எங்கே வேண்டுமானாலும் ஆழமான புண். பத்து நாளில் காயாது, வாரக்கணக்கில் நிற்கும். சிலருக்கு உணவுக்குழாய்க்கும் நுரையீரலுக்கும் இறங்கிவிடும். எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களுக்கும், ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களுக்கும் நிலைமை இன்னும் மோசம். புது மஜ்ஜை ஊன்றும்வரை சில வாரம் அவர்களுக்குக் காவலே கிடையாது. மருந்தால் வெந்த வாய் எது, வைரஸ் அரித்த வாய் எது என்று டாக்டர்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாத நிலை.

இங்கேதான் நம் நண்பன். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, அம்மா கொடுத்த சிறுநீரகத்தில் இன்றைக்கு நன்றாக இருக்கிறான். மாற்று முடிந்த இரண்டாவது மாதம் நாக்கில் புண் வந்தது. "மாத்திரை சூடுடா" என்று அவனே முடிவு கட்டிவிட்டான். வீட்டில் மணத்தக்காளி, மோர், தேங்காய்ப்பால் எல்லாம் நடந்தது. உதட்டில் ஒரு கொப்புளமும் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஐந்தாவது நாள் தண்ணீர் விழுங்க முடியவில்லை. விழுங்க முடியவில்லை என்றால் எதிர்ப்பை அடக்கும் மாத்திரையும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அம்மாவின் சிறுநீரகமே ஆபத்தில். ஆஸ்பத்திரியில் புண்ணிலிருந்து பஞ்சில் ஒற்றி எடுத்துச் சோதித்தார்கள், ஹெர்ப்பிஸ். ஒரு வாரம் ஊசி வழியாக அசைக்ளோவிர், அப்புறம் மாத்திரை. பார்க்கப் போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா. காலை, மதியம், இரவு என்று கட்டம் கட்டமாக. ஒரு கட்டத்தில் அஸாதயோப்ரினும் அசைக்ளோவிரும் ஒன்றாகக் கிடந்தன. எதிர்ப்பை அடக்குவது ஒன்று, அடக்கியதால் எழுந்ததை அடக்குவது இன்னொன்று. இரண்டும் ஒரே பெண்மணியின் லாபிலிருந்து வந்தவை என்பது வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான் எனக்கு இந்தக் கிறுக்கு.

அந்த இரண்டாவது மருந்தின் கதையும் ஊறுகாய் மாதிரி நாள்பட ஊறியதுதான். 1948-லேயே எலியன் செய்த ஒரு ப்யூரின் வைரஸுக்கு எதிராக வேலை செய்வதைப் பார்த்திருந்தார். ஆனால் செல்லுக்கும் விஷமாக இருந்ததால் அலமாரியில் வைத்துவிட்டார். வைரஸ் நம் செல்லுக்குள்ளேயே புகுந்து நம் இயந்திரத்தையே ஓட்டிப் பிழைக்கிறது. அதைக் கொல்லும் மருந்து நம்மையும் கொல்லும், எனவே வைரஸுக்கு மருந்து என்பது நடக்காத காரியம் என்பதே அந்தக் காலத்து நிபுணர்கள் பலரின் எண்ணம். 1960-களில் ஹெர்ப்பிஸுக்கு வந்த ஐடாக்ஸ்யூரிடின் கண்ணில் சொட்டாக விடத்தான் லாயக்கு, உள்ளே கொடுக்க முடியாத அளவுக்கு நச்சு. 1968-ல் எலியன் பழைய கோப்பை மறுபடி எடுத்தார். 1970-ல் கம்பெனி வட கரோலினாவுக்கு இடம் மாறியது. அதே வருஷம் ஹோவர்ட் ஷேஃபர் வந்து சேர்ந்தார். செங்கல்லோடு ஒட்டியிருக்கும் சர்க்கரை வளையம் முழுதாக இருக்க வேண்டியதில்லை, உடைந்த வளையமாக இருந்தாலும் என்சைம் ஏமாறும் என்பது ஷேஃபரின் கண்டுபிடிப்பு. அந்த உடைந்த வளையத்தோடு 1974 வாக்கில் பிறந்ததுதான் அசைக்ளோவிர். சில வருஷம் வெளியே மூச்சு விடவில்லை. 1977-லும் 1978-லும்தான் ஆய்வுக் கட்டுரைகள் வந்தன.

அது வேலை செய்யும் விதம் இருக்கிறதே, ஒரு டிசைன் இன்ஜினியராக எனக்குப் பொறாமையாக இருக்கும். அசைக்ளோவிர் விழுங்கும்போது வெறும் செயலற்ற பொருள். நல்ல செல்லுக்குள் போனால் போன மாதிரியே வெளியே வந்துவிடும். ஆனால் ஹெர்ப்பிஸ் வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்தால் தைமிடின் கைனேஸ் என்ற தன் சொந்த என்சைமை அங்கே தயாரிக்கும். அந்த என்சைம் ஆளைப் பார்த்து வேலை செய்யாது, அசைக்ளோவிரையும் பிடித்து ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். மீதி இரண்டு பாஸ்பேட்டை நம் செல் ஒட்டும். மூன்றும் ஒட்டியதும் அது போலிச் செங்கல். வைரஸின் டி.என்.ஏ. சுவரில் போய் உட்காரும், அதற்கு மேல் அடுத்த கல் வைக்க இடமே இருக்காது. திருடன் தானே திரியைக் கொளுத்தினால்தான் வெடிக்கும் வெடி! திருடன் புகாத வீட்டில் அது சும்மா கிடக்கும்.

1981-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து சின்ன ஆய்வு ஒன்று வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொள்ளும் 20 பேர். 10 பேருக்கு அசைக்ளோவிர், 10 பேருக்குச் சும்மா மருந்து. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. முடிவு: சும்மா மருந்து எடுத்த பத்தில் ஏழு பேருக்கு ஹெர்ப்பிஸ் புண். அசைக்ளோவிர் எடுத்த பத்தில் பூஜ்யம். வெறும் இருபது பேரை வைத்து இவ்வளவு தெளிவான விடை வருவது அபூர்வம். 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1988-ல் எலியன், ஹிட்சிங்ஸ், பிரிட்டனின் ஜேம்ஸ் பிளாக் மூவருக்கும் நோபல். பிஎச்.டி. இல்லாத நோபல்! ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்து விழித்த வைரஸைத்தான் அடக்கும். முடிச்சில் தூங்குவதை ஒன்றும் செய்யாது. இன்றைக்கும் தூங்குவதை எழுப்பாமல் அழிக்க வழி கிடையாது.

மருந்து கைக்கு வந்த அதே 1981-ல், மனிதன் அனுப்பாமலேயே காவல்காரர்கள் காணாமல் போகும் நோய் ஒன்று வெளிப்பட்டது. ஜூன் 5 அன்று அமெரிக்க அரசின் வாராந்தர நோய் அறிக்கையில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா என்று ஒரு சிறு குறிப்பு. ஐந்து பேருக்கும் வெண்படலமாகப் படரும் காளான் தொற்றும் இருந்தது என்று அதே குறிப்பில் இருக்கிறது. எய்ட்ஸின் முதல் ஆவணத்திலேயே வாய்க்கு இடம் இருந்தது. காளான் வைரஸ் இல்லைதான், ஆனால் அதுவும் காவல் போன வீட்டில் நுழைவதே. டிசம்பரில் வந்த இன்னொரு கட்டுரை மாதக்கணக்கில் ஆறாத ஹெர்ப்பிஸ் புண்களை விவரித்தது.

சான்பிரான்சிஸ்கோவில் டெபோரா கிரீன்ஸ்பான் என்ற பல் மருத்துவர், கணவர் ஜான் கிரீன்ஸ்பான் வாய் நோய்க்குறியியல் நிபுணர். சில நோயாளிகளின் நாக்கின் ஓரத்தில் டெபோரா ஒன்றைக் கவனித்தார். வெள்ளையாக, செங்குத்தான வரிகளோடு, சிலருக்கு ரோமம் முளைத்த மாதிரி ஒரு படை. காளானாக இருந்தால் சுரண்டினால் வந்துவிடும். இது வரவில்லை. சிகரெட் பிடிப்பவர்களுக்கு வரும் வெள்ளைப் படை மாதிரியும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. 1984-ல் லான்செட்டில் ஹேரி லூக்கோபிளாக்கியா என்ற பெயரோடு அறிவித்தார்கள். எந்த வைரஸ் என்பதில் முதலில் கொஞ்சம் தடுமாற்றம். மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸும் சந்தேக வளையத்தில் இருந்தது. அடுத்த வருஷமே, 1985-ல், நாக்கின் மேல்தோல் செல்களுக்குள் எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெருகிக்கொண்டிருப்பதைக் காட்டிவிட்டார்கள்.

எப்ஸ்டீன்-பார் யார்? 1961 மார்ச்சில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், உகாண்டாவில் வேலை பார்த்த டெனிஸ் பர்கிட் என்ற சர்ஜன், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் கட்டியைப் பற்றிப் பேசினார். அரங்கில் இருந்த ஆன்டனி எப்ஸ்டீனுக்கு உடனே வைரஸ் சந்தேகம். உகாண்டாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானத்தில் வந்தன. மாதக்கணக்கில் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் செல்களை வளர்த்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது வைரஸ் தெரிந்தது. 1964-ல் வெளியான அறிக்கையில் எப்ஸ்டீன், அச்சாங், பார் என்று மூன்று பெயர். டிரினிடாடில் பிறந்த பெர்ட் அச்சாங்தான் மைக்ராஸ்கோப் வேலையில் கெட்டிக்காரர். வைரஸின் பெயரில் மட்டும் அவர் விடுபட்டுப் போனார். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வைரஸ் அது. எப்ஸ்டீன் 102 வயது வாழ்ந்து 2024 பிப்ரவரியில் காலமானார்.

இதுவும் ஹெர்ப்பிஸ் குடும்பம்தான். உலகில் பெரியவர்கள் பெரும்பாலோரிடமும் தூங்குகிறது. நாக்கோரப் படை வலிக்காது, புற்றுநோயாகவும் மாறாது. பல நோயாளிகள் அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். அப்புறம் ஏன் பெரிய விஷயம்? எச்.ஐ.வி. பரிசோதனை பரவலாகாத நாட்களில், கண்ணாடியும் டார்ச்சும் வைத்தே காவல் குறைந்துவிட்டது என்று சொல்ல அது ஒரு வழியாக இருந்தது. அந்தப் படை வந்தவர்களில் கணிசமானோருக்குப் பின்னால் எய்ட்ஸ் முற்றியது என்பதைத் தொடர்ந்து பார்த்துச் சொன்னார்கள். பல் டாக்டர்கள் பலர் பயந்து இந்த நோயாளிகளைத் தொட மறுத்த நாட்கள் அவை. பல் மருத்துவத்தில் கையுறை, முகமூடி எல்லாம் வழக்கமாக வேண்டும் என்ற அமெரிக்க அரசின் பரிந்துரை 1986-ல்தான் வந்தது. இப்போது உங்கள் பல் டாக்டர் கையுறை போடாமல் வாயைத் தொட்டால் எழுந்து வந்துவிடுவீர்கள் இல்லையா?

அதே 1986-ல் சென்னை. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவுக்கு ஆய்வுக்காக ஒரு வேலை கொடுத்தார்: பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. தேடு. இந்தியாவில் அதெல்லாம் வராது என்பதே அன்றைய பொது எண்ணம். ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். ஆறு பேருக்கு இருந்தது. அங்கிருந்துதான் நம் நாட்டின் எய்ட்ஸ் வரலாறு தொடங்குகிறது. பின்னால் சென்னையின் பல் மருத்துவர்கள் அவரது குழுவோடு சேர்ந்து, தென்னிந்திய நோயாளிகள் 300 பேரின் வாயைப் பார்த்து 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காளான் படலம் இங்கே நிறைய; நாக்கோரப் படை மேல்நாட்டு அளவுக்கு இல்லை. அண்ணத்தில் கருஞ்சிவப்பாக வரும் கபோசி கட்டிக்கும் ஒரு ஹெர்ப்பிஸ் குடும்ப வைரஸே காரணம் என்று 1994-ல் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் அதுவும் அபூர்வம். பாடப் புத்தகத்துப் படம் எல்லா ஊருக்கும் பொருந்தாது போலிருக்கிறது.

1980-களின் கடைசியில் அசைக்ளோவிருக்கும் அடங்காத ஹெர்ப்பிஸ் எய்ட்ஸ் நோயாளிகளிடம் தென்பட்டது. காரணம் விசித்திரம்: அந்த வைரஸ் தைமிடின் கைனேஸையே தயாரிக்காமல் விட்டுவிட்டது. திரி கொளுத்தும் கையை வெட்டிக்கொண்ட திருடன்! நல்ல காவல் உள்ள உடம்பில் அப்படிப்பட்ட ஊன வைரஸ் பெரும்பாலும் பிழைக்காது. காவல் இல்லாத இடத்தில் பிழைத்துக்கொள்ளும். அதற்கு ஃபாஸ்கார்னெட் என்ற வேறு மருந்து வந்தது. திருடன் திரியைக் கொளுத்த வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. ஆனால் சிறுநீரகத்துக்குக் கெடுதல். நம் நண்பன் மாதிரி ஆளுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1996 முதல் எச்.ஐ.வி.க்கு மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை வந்ததும் காட்சி மாறியது. காவல்காரர்கள் திரும்ப வந்தார்கள், நாக்கோரப் படையும் கபோசி கட்டியும் குறைந்தன. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆரம்ப மையங்களில் தாம்பரம் மருத்துவமனையும் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே திசையில் போகவில்லை. கிரீன்ஸ்பான் குழுவினரே 2001-ல் லான்செட்டில் ஒரு புதிர் சொன்னார்கள். கூட்டுச் சிகிச்சை எடுப்பவர்களின் வாயில் பாப்பிலோமா வைரஸ் உண்டாக்கும் மருக்கள் குறையவில்லை, கூடியிருந்தன. ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஏறுகிறது, உதட்டின் உள்பக்கம் காலிஃபிளவர் மாதிரி மரு முளைக்கிறது. எண்ணிக்கை திரும்பினாலும் பழைய காவல் முழுதாகத் திரும்பவில்லையா, அல்லது மருந்து உயிரை நீட்டித்ததால் மரு முளைக்க நேரம் கிடைத்ததா என்று விதவிதமாக விளக்கம் சொன்னார்கள். வெட்டி எடுக்கிறார்கள், உறைய வைக்கிறார்கள், லேசரில் சுடுகிறார்கள். பலருக்குத் திரும்ப வருகிறது. வந்தால் மறுபடி வெட்டுகிறார்கள்.